நிலத்தைத் தொட்ட தேர்

2023-ஆம் ஆண்டு ஜனவரி 15, தைப் பொங்கல் திருநாள். ஸ்ரீ அனந்தபத்மநாப சுவாமி பள்ளிகொண்டருளும் திருவனந்தபுரத்தில், காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் இந்திய அணியும் இலங்கை அணியும் ஒருநாள் கிரிக்கெட் போட்டியில் மோதின. இந்தியா 390 ஓட்டங்களைக் குவித்தது. விராட் கோலி ஆட்டமிழக்காமல் 166 ஓட்டங்கள் எடுத்தார். இலங்கை 73 ஓட்டங்களில் அடங்கிப் போயிற்று. 317 ஓட்டங்கள் வித்தியாசத்தில் கிட்டிய அந்த வெற்றி, ஒருநாள் போட்டிகளின் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் கண்டிராத பெரும் வெற்றியாகும்.

புள்ளிவிவரங்களைப் பாதுகாப்போர் அந்த நாளை நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் தர்மத்தைச் சிந்திப்போர் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்ச்சி, அதே தொடரில் ஐந்து நாள்களுக்கு முன்பு, ஜனவரி 10 அன்று குவாஹாட்டியில் நடந்தது.

அன்று இந்தியா 373 ஓட்டங்கள் எடுத்திருந்தது. இலங்கையின் தோல்வி உறுதியாகிவிட்ட நிலையில் கடைசி ஓவரை முகமது ஷமி வீசினார். இலங்கைத் தலைவர் தசுன் ஷானகா 98 ஓட்டங்களுடன் பந்துவீசும் முனையில் நின்றிருந்தார். பந்து கையை விட்டு அகலும் முன்பே அவர் கோட்டைத் தாண்டி நகர்ந்தார். ஷமி பந்தை வீசாமல் அந்த முனையின் ஸ்டம்பைத் தட்டி, நடுவரிடம் முறையிட்டார். விதிப்படி அது ரன் அவுட். ஆயினும் இந்தியத் தலைவர் ரோஹித் சர்மா முறையீட்டைத் திரும்பப் பெற்றார். ஷானகா நூறைக் கடந்து 108 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் திரும்பினார். அவ்வளவு சிறப்பாக ஆடிய ஒருவரை அந்த வகையில் வெளியேற்ற விருப்பமில்லை என்பதே பின்னர் ரோஹித் தந்த விளக்கத்தின் சாரம். இந்தியா 67 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது.

நாடெங்கும் பாராட்டு எழுந்தது. பாராட்டின் நடுவே பழைய வினா ஒன்றும் எழுந்தது.

ஒரு சிறுவனின் கேள்வி

அந்த வினாவின் வேர் 2019-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். போட்டியில் உள்ளது. பஞ்சாப் அணியின் தலைவராக இருந்த சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வின், ராஜஸ்தான் அணியின் ஜோஸ் பட்லரை இதே முறையில் ஆட்டமிழக்கச் செய்தார். பட்லர் அப்போது 69 ஓட்டங்களுடன் வெற்றியை நோக்கி விரைந்துகொண்டிருந்தார். பந்தை எதிர்கொள்ளக் காத்திருந்தவர் திருவனந்தபுரத்தின் விழிஞ்ஞம் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த சஞ்சு சாம்சன். அஸ்வின் முறையீட்டைத் திரும்பப் பெறவில்லை. ராஜஸ்தான் 14 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றது. கண்டனக் கணைகள் உலகெங்கிலுமிருந்து அஸ்வினை நோக்கிப் பாய்ந்தன. தாம் விதிக்கு உட்பட்டே நடந்ததாக அவர் உறுதியுடன் கூறினார்.

திருவனந்தபுரத்தில் கரமனையிலோ வலியசாலையிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். மாலையில் மட்டையைத் தோளில் சாய்த்தபடி வீடு திரும்பும் சிறுவன், திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டனாரிடம் கேட்கிறான்:

“தாத்தா, ரோஹித் செய்தது சரி என்றால் அஸ்வின் செய்தது தவறுதானே? எங்கள் தெருவில் நாங்கள் அப்படி அவுட் செய்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பெரிய ஆட்டக்காரர் செய்தால் மட்டும் ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்? அவர்களுக்கென்று தனிச் சட்டம் உண்டா?”

சிறுவனின் கேள்வி எளியது. ஆனால் அதற்குள் தர்ம சாஸ்திரம் முழுவதும் ஆராயும் ஒரு சிக்கல் அடங்கியிருக்கிறது. உயர்ந்த நிலையில் இருப்பவரை உயர்ந்த அளவுகோலால் அளப்பது நியாயமா? நியாயம் என்றால், அந்த அளவுகோல் யார் கையில் இருக்க வேண்டும்?

விதி அனைவருக்கும் ஒன்று

முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது, விதி வேறு, விதிக்கு அப்பாற்பட்ட பெருந்தன்மை வேறு என்பதாகும். விதி, மழை நீரைப் போன்றது. மாளிகையின் மீதும் குடிசையின் மீதும் ஒன்றாகவே பெய்யும்.

கேரளத்தின் ஓட்ட வீராங்கனை ஷைனி ஆபிரகாம், பின்னாளில் ஷைனி வில்சன் என்று அறியப்பட்டவர், 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். ஆனால் உரிய இடத்திற்கு முன்னரே தமக்குரிய தடத்தை விட்டு உட்புறம் வந்துவிட்டார் என்பதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். நாடே அறிந்த நட்சத்திரம். கையில் கிடைத்த தங்கம். வேண்டுமென்று செய்த பிழையுமன்று. ஆயினும் கோடு கோடுதான். அதே போட்டிகளில் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அவர் தம் அணியுடன் மீண்டும் ஓடித் தங்கம் வென்றார். புகழுக்காக விதி வளையவில்லை. விதி தண்டித்ததற்காக வீராங்கனையும் ஓட்டத்தைக் கைவிடவில்லை. ஸ்வதர்மத்தில் நிற்பதன் இலக்கணம் இது.

இந்த நோக்கில் பார்த்தால் ஜெய்ப்பூர் நிகழ்ச்சியில் அஸ்வினைக் குற்றவாளி என்பது பொருந்தாது. பந்து வீசப்படும் முன்பே ஓடத் தொடங்குபவர் இரண்டடி தூரத்தை இலவசமாகப் பெறுகிறார். அந்தச் சலுகையைத் தடுப்பதற்கே விதி இருக்கிறது. பந்து வெளிப்படும் என்று எதிர்பார்க்கத்தக்க கணம் கடந்த பிறகே அஸ்வின் ஸ்டம்பைத் தட்டினார் என்று வாதிட்டவர்களும் உண்டு. அது நடுவர்கள் ஆராய வேண்டிய நுட்பம். அவர்கள் ஆராய்ந்தே தீர்ப்பளித்தார்கள்.

இத்தகைய நிகழ்ச்சி புதியதுமன்று. 1947 டிசம்பரில் சிட்னியில் வினூ மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இவ்வாறு வெளியேற்றினார். அப்போது மன்கட்டின் செயலைக் குறை கூற மறுத்தவர், எதிரணித் தலைவரான டான் பிராட்மனே ஆவார். தம் அணி பாதிக்கப்பட்டபோதும் எதிரியின் உரிமையை ஒப்புக்கொள்வது ஒரு நட்சத்திரத்தின் பெருமை. ஆயினும் மன்கட்டின் பெயர் பல பத்தாண்டுகள் ஒரு பழிச்சொல்லாகவே வழங்கி வந்தது. பின்னர், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. அமைப்பு, இவ்வகை ஆட்டமிழப்பை ‘நியாயமற்ற ஆட்டம்’ பற்றிய 41-ஆம் விதியிலிருந்து ‘ரன் அவுட்’ பற்றிய 38-ஆம் விதிக்கு மாற்றியது. அந்த மாற்றம் 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழி சுமந்தவர்களின் மீதிருந்த கறையை ஏட்டளவில் துடைக்க எழுபத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஆகவே சிறுவனின் முதற்கேள்விக்கு விடை இது: பெரிய ஆட்டக்காரருக்கென்று தனிச் சட்டம் இல்லை. விதியின் முன் அவருக்குச் சலுகையும் இல்லை, கூடுதல் தண்டனையும் இல்லை.

விதிக்கு மேலே தியாகம்

அப்படியென்றால் ரோஹித் செய்தது என்ன? தமக்கு உரிமையான ஒன்றை அவர் விட்டுக்கொடுத்தார். ஷமி தவறிழைத்தார் என்பது அதன் பொருளன்று. உரிமை இருந்ததால்தான் அதை விட முடிந்தது. தன்னிடம் இல்லாத பொருளை ஒருவன் தானம் செய்ய இயலாது.

தானத்திலும் படிகள் உண்டு. நிரம்பிய களஞ்சியத்திலிருந்து ஒரு மரக்கால் நெல்லை அளந்து தருவது ஒரு படி. அன்றைய சோற்றையே பகிர்ந்து தருவது வேறொரு படி. குவாஹாட்டியில் இந்தியாவின் வெற்றி ஏறத்தாழ முடிவாகிவிட்டது. ரோஹித்தின் பெருந்தன்மை உண்மையானது. எனினும் அதற்கு அவர் கொடுத்த விலை சிறியது. ஜெய்ப்பூரில் அஸ்வின் அவ்வாறு விட்டுக்கொடுத்திருந்தால் ஆட்டத்தையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்திருக்கலாம். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது நேர்மையாகாது.

விலை கொடுத்துச் செய்த தியாகத்திற்கு இந்திய கிரிக்கெட்டில் ஓர் உதாரணம் உண்டு. 1980 பிப்ரவரியில் பம்பாய் வாங்கடே மைதானத்தில் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட் நடந்தது. இந்தியாவின் தலைவர் குண்டப்பா விஸ்வநாத். இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தபோது இயன் போத்தமுடன் பாப் டெய்லர் சேர்ந்தார். அந்த இணை வளர்ந்துவந்த நேரத்தில், விக்கெட் கீப்பர் பிடித்த ஒரு பந்துக்கு டெய்லர் ஆட்டமிழந்ததாக நடுவர் அறிவித்தார். அருகே ஸ்லிப்பில் நின்றிருந்த விஸ்வநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்பது உறுதி. நடுவரை அணுகி முறையீட்டைத் திரும்பப் பெற்று டெய்லரை அவர் மீண்டும் ஆட அழைத்தார். போத்தமும் டெய்லரும் சேர்ந்து 171 ஓட்டங்கள் எடுத்தனர். ஆட்டம் கைமாறியது. இங்கிலாந்து பத்து விக்கெட்டுகள் வித்தியாசத்தில் வென்றது.

விஸ்வநாத் அந்தத் தோல்வியை ஏற்றார். இன்று அந்த டெஸ்டின் வெற்றியாளர் யார் என்பதை அறியாதவர்கூட விஸ்வநாத் டெய்லரை அழைத்த கதையை அறிவார். கர்மயோகத்தில் பலன் கருதாமை என்பது பலனைப் பற்றி அறியாதிருப்பதன்று. பலன் கைநழுவும் என்று தெரிந்திருந்தும் செய்யத்தக்கதைச் செய்வதாகும்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விஸ்வநாத்திடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நடுவர் கேட்கவில்லை, கூட்டம் கேட்கவில்லை, டெய்லரும் கேட்கவில்லை. கேட்டுப் பெறுவது தானம் ஆகலாம். வற்புறுத்திப் பெறுவது தியாகம் ஆகாது. விதிக்கு மேலான பெருந்தன்மையை நட்சத்திர வீரரிடமிருந்து கட்டணம் போல வசூலிக்க முற்பட்டால், அது பெருந்தன்மையாக இருக்கும் தகுதியையே இழந்துவிடும்.

தேர் ஏன் தாழ்ந்தது?

அவ்வாறாயின் பெரியவர்களுக்குக் கூடுதல் பொறுப்பே இல்லையா? உண்டு. எவ்வாறு உண்டு என்பதை மகாபாரதம் ஒரே காட்சியில் விளக்குகிறது.

குருக்ஷேத்திரத்தில் பதினைந்தாம் நாள். துரோணரின் வில்லுக்கு எதிரே பாண்டவர் சேனை தீயில் விழுந்த பஞ்சாகிக் கொண்டிருந்தது. அசுவத்தாமா என்ற யானையைக் கொன்றுவிட்டு, “அசுவத்தாமா இறந்தான்” என்று பீமன் உரக்கக் கூவினான். துரோணர் கலங்கினாலும் நம்பவில்லை. மூன்று உலகங்களையும் தருவதாக இருந்தாலும் பொய்யுரைக்க மாட்டான் என்று அவர் நம்பிய ஒருவன் இருந்தான். அந்த யுதிஷ்டிரனிடமே அவர் கேட்டார். யுதிஷ்டிரன் “அசுவத்தாமா இறந்தான்” என்று தெளிவாகச் சொல்லி, “யானை” என்ற சொல்லை வாய்க்குள்ளேயே விழுங்கினான். துரோணர் ஆயுதத்தைக் கீழே வைத்தார். அவர் உயிர் பறிக்கப்பட்டது.

யுதிஷ்டிரனுடைய தேர் அதுவரை நிலத்திற்கு நான்கு விரற்கடை மேலாகவே ஓடியது என்றும், அந்தச் சொல் வெளிவந்ததும் அது நிலத்தைத் தொட்டது என்றும் வியாசர் உரைக்கிறார்.

இதில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. அதே பொய்யைப் பீமன் அதைவிட உரக்கச் சொன்னான். பீமனின் தேர் தாழவில்லை. ஏனெனில் அது உயர்ந்தே ஓடவில்லை. பதினெட்டு நாள் போரில் இரு தரப்பிலும் எத்தனையோ விதிமீறல்கள் நிகழ்ந்தன. எவருடைய தேருக்கும் எதுவும் நேரவில்லை. யுதிஷ்டிரனுக்கென்று தேவர்கள் தனிச் சட்டம் எழுதவில்லை. தனித் தண்டனையும் வகுக்கவில்லை. அவன் வாழ்நாளெல்லாம் சத்தியத்தால் ஈட்டிய உயரம் அது. அதை இழக்கும் ஆபத்தும் அவனுக்கு மட்டுமே இருந்தது.

இன்னொன்றும் உண்டு. பீமனின் பொய் துரோணரைக் கொல்லவில்லை. யுதிஷ்டிரனின் அரைப்பொய் கொன்றது. நம்பிக்கைக்கு உரியவன் சொன்னதால்தான் அந்தச் சொல்லுக்கு அத்தனை வலிமை. நட்சத்திரத்தின் செயல் சாதாரண மனிதனின் செயலைவிடத் தொலைவு செல்கிறது. தொலைவு செல்லும் அம்பை எய்பவன், எய்யும் முன் அதிகம் யோசிக்கக் கடமைப்பட்டவன். பெரியவர்களின் கூடுதல் பொறுப்பு, ஊரார் சுமத்திய வரியன்று. அவர்களுடைய உயரத்திலேயே அடங்கியுள்ள ஆபத்து.

லோகசங்கிரஹம்

பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் இதனையே லோகசங்கிரஹம் என்னும் கருத்தாக விளக்குகிறார். சான்றோன் எதைச் செய்கிறானோ அதையே மற்றவர்கள் பின்பற்றுகிறார்கள். அவன் எதை அளவாகக் கொள்கிறானோ அதுவே உலகின் அளவாகிறது என்பது அங்கு வரும் கருத்து. தமக்கென்று அடைய வேண்டியது எதுவும் இல்லாதிருந்தும் தாம் ஓயாமல் செயலாற்றுவதன் காரணத்தையும் கண்ணன் சொல்கிறார்: அவர் ஓய்ந்தால் மனிதர்கள் அந்த ஓய்வையே வழியாகக் கொள்வார்கள்.

இங்கு கூர்ந்து நோக்கத்தக்கது, பகவான் யாரிடம் பேசுகிறார் என்பது. “பெரியவர்களைக் கண்காணியுங்கள்” என்று அவர் சேனைகளிடம் சொல்லவில்லை. புகழ்பெற்ற வில்லாளியான அர்ஜுனனிடம், “உன்னைப் பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைவில் வை” என்னும் பொருளில் உணர்த்துகிறார். அளவுகோலைப் பெரியவனின் கையிலேயே கொடுக்கிறார். தன்னைத் தானே அளந்துகொள்வதற்காக.

திருவனந்தபுரத்தில் இந்தக் கருத்து வெறும் ஏட்டுக் கருத்தன்று. பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் புரிந்த கர்னல் கோதவர்ம ராஜா, அதாவது ஜி.வி. ராஜா, அரண்மனைச் சுகத்தில் அமர்ந்துவிடாமல் விளையாட்டுக்காகவே உழைத்தார். கேரள கிரிக்கெட் சங்கத்திற்கும் விளையாட்டு கவுன்சிலுக்கும் அடிக்கல் இட்டவர் அவர். 1971-இல் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் மறைந்தார். அவருடைய பிறந்தநாளான அக்டோபர் 13 கேரளத்தின் விளையாட்டு தினமாகக் கொண்டாடப்படுகிறது. அவர் பெயரில் அமைந்த விளையாட்டுப் பள்ளியிலும், காரியவட்டத்தின் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியிலும் விடியற்காலையில் ஓடும் பிள்ளைகள் பயிற்சியாளரின் சொல்லைக் காதால் கேட்கிறார்கள். நட்சத்திரங்களின் நடத்தையைக் கண்ணால் குடிக்கிறார்கள். நடுவரின் தீர்ப்பை எதிர்த்து நட்சத்திரம் மட்டையைத் தரையில் அடித்தால் மறுநாள் ஆயிரம் தெருக்களில் ஆயிரம் மட்டைகள் அடிபடும். தோற்ற எதிரியின் கையை நட்சத்திரம் பற்றிக் குலுக்கினால் அதுவும் ஆயிரம் தெருக்களில் நிகழும்.

ஆகவே, “நானும் மற்றவர்களைப் போல ஓர் ஆட்டக்காரன்தானே, குழந்தைகளுக்கு நல்லொழுக்கம் கற்பிப்பது பெற்றோரின் வேலை” என்று ஒரு நட்சத்திரம் ஒதுங்குவது, தேர் உயர்ந்து ஓடுகையில் மகிழ்ந்து, பொறுப்பு வரும்போது மட்டும் நிலத்தைக் காட்டுவதாகும். புகழை ஏற்றவன் அதன் நிழலையும் ஏற்க வேண்டும்.

அளவுகோலைப் பறித்தவர்கள்

அளவுகோல் உரியவன் கையை விட்டுப் பார்ப்பவர்களின் கைக்கு மாறினால் என்ன நேரும் என்பதற்கும் கேரளம் ஒரு பாடத்தைக் கண்டது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ், பெங்களூரு அணிகள் ஐ.எஸ்.எல். கால்பந்தின் வெளியேற்றுச் சுற்றில் மோதின. ஆட்டம் கோலின்றிக் கூடுதல் நேரத்திற்குச் சென்றது. 97-ஆவது நிமிடத்தில் பெங்களூருக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் செலுத்தினார். நடுவர் கோலை ஏற்றார்.

இந்தியக் கால்பந்தின் மாபெரும் பெயர் சேத்ரி. ‘அவரைப் போன்றவர் இப்படிச் செய்யலாமா?’ என்ற ஆவேசம் கேரள ரசிகர்களிடையே எழுந்தது. விரைவாக ஃப்ரீ கிக் எடுப்பது விதியில் இடமுள்ள செயல். அந்தத் தருணத்தில் நடுவர் அனுமதித்தாரா என்பதே சர்ச்சை. ஆனால் அந்தச் சர்ச்சையின் நடுவே கேரள அணி, தன் பயிற்சியாளரின் அழைப்பின்பேரில் மைதானத்தை விட்டே வெளியேறியது. ஆட்டம் முடியாமலேயே நின்றது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்கள் தடை. பின்னர் அணியும் பயிற்சியாளரும் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தனர்.

இதில் சாதகன் கற்க வேண்டியது நுட்பமானது. எதிரிலிருப்பவன் உயர்ந்த அளவுக்கு வரவில்லை என்று கோபித்தவர்கள், அந்தக் கோபத்தாலேயே, எல்லோருக்கும் பொதுவான அடிப்படை அளவுக்கும் கீழே இறங்கினார்கள். அநியாயம் நிகழ்ந்தது என்று உண்மையாகவே நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கைக்கு முறையீட்டு வழிகள் உண்டு. களத்தை விட்டு நீங்குவது வழியன்று. அர்ஜுனன் வில்லை நழுவவிட்டபோது அவன் கூறிய காரணங்களும் தர்மம் போன்றே ஒலித்தன. கண்ணன் அவற்றை ஏற்கவில்லை.

பிறரை அளக்கும் கோல் மனிதனுக்கு எப்போதும் இனிக்கிறது. ‘அவர் பெரியவர், அவர் செய்திருக்கக் கூடாது’ என்று சொல்லும் கணத்தில், சொல்பவனின் அகங்காரம் அந்தப் பெரியவரின் தலைக்கு மேலே ஏறி அமர்கிறது. வியர்வையின்றி, பயிற்சியின்றி, தோல்வியின் வலியின்றி, ஒரே வாக்கியத்தில் கிடைக்கும் உயரம் அது. ஆகவேதான் நட்சத்திரங்கள் வீழும்போது உலகம் வருந்துவதைவிட அதிகமாகச் சுவைக்கிறது.

பாட்டனாரின் விடை

திண்ணையில் அமர்ந்த பாட்டனார் சிறுவனுக்குச் சொல்லத்தக்க விடை இப்போது உருவாகிறது.

“குழந்தாய், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்குள் நின்று ஆடியவரைத் திட்டுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. அதற்கு மேலே ஒருவர் விட்டுக்கொடுத்தால், கைகூப்பி வணங்கு. ஆனால் ‘நீயும் அப்படிச் செய்’ என்று அடுத்தவரை அதட்டாதே. ‘நானும் அப்படிச் செய்வேனா?’ என்று உன்னையே கேட்டுக்கொள்.”

“அப்படியென்றால் பெரிய ஆட்டக்காரருக்கு ஒன்றும் அதிகம் இல்லையா, தாத்தா?”

“உண்டு. ஆனால் அதை அவரேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நீ பெரியவனாகும் நாளில் நீயும் எடுத்துக்கொள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கீழ்வீட்டுச் சின்னப்பிள்ளைகள் நீ ஆடுவதைத்தான் தினமும் மதிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நீதான் ரோஹித்.”

இந்தக் கடைசிச் சொல்லில்தான் விஷயத்தின் இதயம் இருக்கிறது. நட்சத்திரம் என்பது தொலைக்காட்சியில் மட்டும் தோன்றுவதன்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரை மற்றொருவர் அண்ணாந்து பார்க்கிறார். மகனுக்குத் தந்தை, மாணவனுக்கு ஆசிரியர், புதிதாகச் சேர்ந்த எழுத்தருக்கு மேலதிகாரி, தங்கைக்கு அக்காள். ‘வீட்டில் இல்லை என்று சொல்’ என்று தொலைபேசியருகே நிற்கும் குழந்தையிடம் தந்தை சொல்லும்போது, நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தேர் ஓசையின்றி நிலத்தைத் தொடுகிறது. குழந்தையின் கண்கள் மட்டும் அதைக் காண்கின்றன.

1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் கன்னியாகுமரிக்குச் செல்லும் வழியில் திருவனந்தபுரத்தில் பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தில் தங்கினார். அப்போது அவர் பெயர் அறியாத பரிவ்ராஜகர். மறு ஆண்டில் சிகாகோவில் உலகப் புகழ் அவரை வந்து சூழ்ந்தது. புகழுக்கு முன்னும் பின்னும் அவர் தம்மை அளந்துகொண்ட கோல் ஒன்றே. பின்னாளில் சென்னையில் இளைஞர்களிடம் உடல்வலிமையையும் விளையாட்டையும் அவர் வற்புறுத்தினார். வலிமையில்லாதவனின் விட்டுக்கொடுத்தல் இயலாமை. வலிமையுள்ளவனின் விட்டுக்கொடுத்தலே தியாகம். ஆகவே களத்தில் முழு மூச்சுடன் போராட வேண்டும். வெல்லக் கூடிய கணத்திலும் தன்னை அளந்துகொள்ள வேண்டும்.

அடுத்த முறை ஒரு நட்சத்திரம் களத்தில் வழுக்கிவிழும் செய்தி வரும்போது, சாதகன் செய்யத்தக்கது மூன்று. விதி மீறப்பட்டதா என்று நிதானமாக அறிதல். மீறப்படவில்லையென்றால் பழிச்சொல்லை நாவில் ஏற்றாதிருத்தல். அன்றிரவு உறங்கும் முன், தன்னை அண்ணாந்து பார்ப்பவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தல். மூன்றாவதைச் செய்பவனுக்கு முதல் இரண்டும் தாமாகவே கைகூடும்.

யுதிஷ்டிரனின் தேர் அன்று தாழ்ந்தது உண்மை. ஆயினும் மகாபாரதம் அவனை அங்கேயே விட்டுவிடவில்லை. இறுதிப் பயணத்தில், தன்னைத் தொடர்ந்து வந்த ஒரு நாயைக் கைவிட்டால்தான் சொர்க்கம் கிட்டும் என்றபோது, சொர்க்கமே வேண்டாம் என்று அவன் நின்றான். கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை, பார்ப்பதற்குத் தம்பியரும் இல்லை. யாரும் கேட்காத இடத்தில் தன் கோலால் தன்னை அளந்துகொண்ட அந்தக் கணத்தில், நிலத்தைத் தொட்டவன் மீண்டும் உயர்ந்தான்.